குத்தகைக்காரரின் பாய்லர்

சுவாமிமலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ரைஸ்மில் இருந்தது. ஊறவைத்த நெல்லுக்கு ஆவி கொடுக்கும் நாட்களில் தெரு முழுக்கப் புழுங்கல் வாடை அடிக்கும். மில்லைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர், அடுப்பில் உமி தள்ளுபவரிடம் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "நெருப்ப விடுப்பா, கண்ணாடிக் குழாய்ல தண்ணி நிக்குதான்னு பாரு."

மில்லுக்கு முதலாளி வேறொருவர். பிறகு இவருக்கு ஏன் இந்தப் பதற்றம்? விடை சட்டத்தில் இருந்தது.

1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். மறு வருஷமே வங்காளத்தில் பாய்லர் சோதனைக்குச் சட்டம் வந்தது. பிறகு மாகாணத்துக்கு ஒரு விதி என்று இருந்ததை ஒன்றாக்கியது 1923ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் சட்டம். அதில் 'உரிமையாளர்' என்ற சொல்லுக்குள், பாய்லரை வாடகைக்கோ இரவலாகவோ வாங்கி ஓட்டுபவரும் அடக்கம். சான்றிதழ் இல்லாமல் ஓட்டிவிட்டு, "அது அவரு மில்லுங்க" என்று கைகாட்ட முடியாது. குத்தகை நிலத்தில் உழுதவருக்குக் கொஞ்சமாவது பாதுகாப்புக் கிடைக்கத் தஞ்சை 1952ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாய்லரிலோ, உரிமை கொடுக்காமலே பொறுப்பை 1923இலேயே கொடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது நியூயார்க்கில், ஒரு பழைய வாடகை வீட்டில். அங்கே கணக்கு நேர் எதிர். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 20 டிகிரி இருக்கும்படி பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் கடமை. வாடகைக்கு இருப்பவருக்கு வேலையே இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் ஜனவரியில் வீடு வெந்தது. 1918 இன்ஃப்ளூயன்ஸாவை ஒட்டிய காலத்தில், நோய் அண்டாமலிருக்கக் குளிரிலும் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்னார்கள். திறந்த ஜன்னலையும் கணக்கில் சேர்த்தே பாய்லரையும் ரேடியேட்டரையும் பெரிதாகப் போட்டார்கள். ஜன்னல்கள் மூடிவிட்டன, பாய்லர் சுருங்கவில்லை. சூடு தாங்காமல் வால்வைப் பாதி மூடினேன். அன்று நள்ளிரவு, குழாயைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் டமார் டமாரென்று சத்தம்.

ஆவி மேலே வருவதும், குளிர்ந்து தண்ணீராகிக் கீழே இறங்குவதும் ஒரே குழாய் வழியாகத்தான். வால்வு பாதி மூடியிருந்தால், எதிரே வரும் ஆவி தண்ணீரை இறங்க விடாது. தரை அமிழ்ந்து ரேடியேட்டரின் சாய்வு மாறினாலும் உள்ளே தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீரை ஆவி அள்ளிக்கொண்டுபோய் இரும்பில் மோதுவதுதான் அந்தச் சத்தம். மறுநாள் வந்த கட்டடப் பராமரிப்பாளர், "முழுசா திற, இல்லாட்டி முழுசா மூடு" என்றார். வால்வுக்கு எதிர்முனையில் இருந்த கால்களுக்கு அடியில் இரண்டு மரத்துண்டுகளைச் செருகினார். சத்தம் நின்றது.

உடைந்திருந்தால் செலவு வீட்டுக்காரருடையது. ஆனால் என் வால்வால் தூக்கம் கெட்டது மாடி வீட்டுக் குழந்தைக்கும்தான்.

அவரோடு அடித்தளத்துக்கு இறங்கிப்போய் பாய்லரைப் பார்த்தேன். பக்கவாட்டில் அதே கண்ணாடிக் குழாய். தண்ணீர் பாதிக்கு நின்றது.