புட்டிச் சில்லு கூறும் வரலாறு

பழம்பொருள் திரட்டுவோர் பலவகையினர். நாணயங்களை நாடுவோர் உளர். அஞ்சல் தலைகளை நாடுவோர் உளர். பழைய இல்லங்களில் வழங்கிய கண்ணாடிப் புட்டிகளையும் பூச்சாடிகளையும் தேடித் தொகுப்போரும் உளர். இவர்கள் விரும்புவது பழுதற்ற முழுப் பொருளையே. உடைந்த புட்டிக்கு அவர்தம் அலமாரியில் இடமில்லை. ஆயினும், அந்தமான் தீவுகளைப் பொறுத்தவரை, உடைந்த சில்லே முழுப் புட்டியினும் அரிய செய்தியைத் தாங்கியிருத்தல் கூடும்.

மரைன் ஹில் பகுதியில் வாழும் நாம் இதனை அறிந்திருத்தல் நன்று. 1858-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்குக் கைதிகளின் குடியேற்றத்தை அமைத்தனர். ராஸ் தீவு அதன் தலைமையிடமாயிற்று. 2018 முதல் அது நேதாஜியின் பெயரால் வழங்குகிறது. அதிகாரிகளின் இல்லங்களுக்கு மதுவும் மருந்தும் கண்ணாடிப் புட்டிகளில் கப்பலேறி வந்தன. வெறும் புட்டிகள் குப்பையை அடைந்தன.

இத்தீவுகளின் பழங்குடியினரான பெரிய அந்தமானியர், அப்புட்டிகளை வேறு கண் கொண்டு நோக்கினர். அவர்கள் முன்னர்ப் படிகக் கல்லைத் தட்டிப் பெற்ற சில்லுகளால் முடி மழித்தனர். தோலில் கோலமும் கீறினர். கண்ணாடி கிடைத்ததும் அதே கைத்திறனை அதன்மேல் செலுத்தினர். இதனைத் தம் நூலில் விரிவாக எழுதிய அதிகாரி இ. எச். மான், இச்சில்லுகளைச் செய்வது பெண்டிர் கடமையாக இருந்தது என்கிறார். கூரிய விளிம்புடையவை மழிப்பதற்கு. நுண்ணிய முனையுடையவை தோல் கீறுவதற்கு. வேலை முடிந்தபின், எவர் காலிலும் குத்தாதவாறு அவற்றைக் குப்பைமேட்டில் இட்டனர்.

அதனால்தான் பழைய சிப்பிமேடுகளில் இன்றும் அவை அகப்படுகின்றன. 1998-ஆம் ஆண்டில் ஜரீன் கூப்பர், சாண்ட்ரா பௌட்லர் என்னும் ஆய்வாளர் இருவர், இவற்றை ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் கண்ணாடிக் கருவிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர்.

இச்சில்லுகளைச் செய்த மக்களின் நிலை யாது? 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1961-இல் 19 பேர். புதிய நோய்களே இவ்வழிவுக்குப் பெருங்காரணம். அவர்கள் தம் வரலாற்றை ஏட்டில் எழுதி வைத்தவரல்லர். எனவே, அப்பெண்டிரின் கைத்திறனுக்கு எஞ்சிய சான்றுகளுள் இச்சில்லுகளும் அடங்கும்.

ஆகவே, சிப்பிமேட்டில் கண்ணாடிச் சில்லைக் காணின், அதனைப் பெயர்த்தெடுத்தலும் ஆகாது. குப்பையென வீசுதலும் ஆகாது. கிடந்த இடத்தை விட்டகன்றால் சான்றின் பாதி மறைந்துவிடும். இடத்தைக் குறித்துக்கொண்டு, நகரிலுள்ள மானிடவியல் அருங்காட்சியகத்தார்க்கு அறிவிப்போமாக.