குடிலுக்குள் ஒரு விடுதி

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு கிரேச்சோ என்னும் சிற்றூரில் வைக்கோலும் எருதும் கழுதையும் கொண்டு கிறிஸ்து பிறப்பை நினைவுகூர்ந்தார். அந்த எளிமையை மனத்திற்கொண்டு 18ஆம் நூற்றாண்டின் நேப்பிள்ஸ் நகரத்துக் குடிலைக் காண்போர் திகைத்துப்போவர். குழந்தை இயேசுவை அங்கே தேடித்தான் காணவேண்டும். கண்ணைக் கவர்ந்து நிற்பதோ ஓர் உணவு விடுதி!

பெயரளவிலான விடுதியன்று அது. மேசை, புல் பின்னிய இருக்கைகொண்ட நாற்காலி, செப்புப் பாத்திரம், மண்குவளை, திராட்சை இரசக் குடுவை, கொக்கியில் தொங்கும் இறைச்சி, பாலாடைக்கட்டி, மீன்கூடை, மெழுகில் வார்த்த கனிகள் என எதற்கும் குறைவில்லை. இத்தகைய துணைப்பொருள்களுக்கு அந்நகரத்தார் ‘ஃபினிமென்டி’ என்று பெயரிட்டனர். சுரூபங்கள் பெரும்பாலும் 35 முதல் 40 செ.மீ. உயரம், அதற்கேற்ப எல்லாம் சுருங்கின. கம்பியில் சணல்நார் சுற்றிய உடல், சுடுமண் தலை, கண்ணாடிக் கண், மரத்தில் செதுக்கிய கைகால். கம்பி வளையுமாதலால் ஒருவனை மேசைமுன் அமர்த்தவும், அவன் கையில் குவளையை உயர்த்திப் பிடிக்கச் செய்யவும் இயன்றது. தொலைவைக் காட்டுதற்குப் பின்வரிசை உருவங்களை இன்னும் சிறிதாக்கினர்.

1734 முதல் 1759 வரை அங்கு ஆண்ட சார்லஸ் மன்னர் இக்கலையில் பெரும் ஈடுபாடு காட்டினார். அரசி மரிய அமலியா சுரூபங்களுக்கு ஆடை தைத்தார். பிரபுக்கள் போட்டியிட்டனர். 1753இல் ‘திரையிட்ட கிறிஸ்து’வைப் பளிங்கில் வடித்த சன்மார்த்தினோவும் குடில் உருவங்கள் செய்தார். மறுபுறம், ஏழைகளிடையே உழைத்த தோமினிக்கன் துறவி கிரகோரியோ ரோக்கோ, வீடுதோறும் குடில் அமைக்குமாறு மக்களைத் தூண்டினார்.

இது பக்தியா, பகட்டா? பகட்டு இருந்தது, மறைப்பதற்கில்லை. ஆயினும் விடுதியை வெறும் அலங்காரமென்று ஒதுக்க நமக்கு மனமில்லை. லூக்கா அதனைக் குறிப்பிடுவது, அங்கு இடமில்லை என்று சொல்வதற்கு மட்டுமே (2:7). அவர் ஆளும் கிரேக்கச் சொல் விருந்தினர் அறையையும் குறிக்கும்; இறுதி இராவுணவு நடந்த அறைக்கும் அதே சொல்தான் (22:11). நேப்பிள்ஸ் கைவினைஞர் இந்த ஆய்வுக்குள் புகவில்லை. இடமில்லாத விடுதி நிறைந்த விடுதியாகத்தானே இருக்கவேண்டும்? நிறைத்துவிட்டனர். அருகில், இடிந்த உரோமைக் கோவிலின் தூண்களுக்கிடையே மீட்பர் பிறக்கிறார். மேசையில் உண்போர் உண்டுகொண்டிருக்கின்றனர். மறையுரையில் நாம் பல சொற்களால் சொல்ல முயல்வதைச் சில நாற்காலிகள் சொல்லிவிடுகின்றன.

மிக்கேலே குச்சினியெல்லோ என்பவர் அளித்த பெருங்குடில் 1879 முதல் அந்நகரின் சான் மார்த்தினோ அருங்காட்சியகத்தில் உள்ளது. முன்னாளில் அது கார்த்தூசியன் துறவிகளின் மடம். கைவினைஞர் பட்டறைகளோ சான் கிரகோரியோ அர்மேனோ தெருவில் இன்றும் ஆண்டு முழுவதும் இயங்குகின்றன. அங்கே நாற்காலியைத் தனியே வாங்கலாம், கூடையைத் தனியே வாங்கலாம், குழந்தையையும் தனியே வாங்கலாம்.