383 எஞ்சினும் கேம்ஷாஃப்ட் இடைவெளியும்

செவ்ரோலே நிறுவனம் 1955இல் வெளியிட்ட 265 கன அங்குல வி-8 எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்கு நேர் மேலே இருந்தபோதிலும், பிஸ்டன் ஓடும் தூரமாகிய ஸ்ட்ரோக் 3 அங்குலமே என்பதால் இடத்துக்குக் குறைவில்லை. 1970இல் 3.75 அங்குல ஸ்ட்ரோக்குடன் 400 எஞ்சின் வந்தபின், அமெரிக்கப் பட்டறையினர் அதன் கிராங்க்ஷாஃப்டில் பேரிங்குகளுக்குள் சுழலும் மெயின் ஜர்னல்களை 2.65 அங்குலத்திலிருந்து 2.45க்குக் குறைத்து, சிலிண்டர்களை 0.030 அங்குலம் அகலப்படுத்திய 350 பிளாக்கில் பொருத்தி, 383 கன அங்குலம் பெற்றனர்.

சிக்கல் மேலே காத்திருந்தது. நீண்ட ஸ்ட்ரோக்கில் கனெக்டிங் ராடின் போல்ட் தலை கேம்ஷாஃப்டின் மேடுகளை உரசுமளவு நெருங்கியது. கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்திலேயே சுழலுமாதலால், போல்ட் தலையில் களிமண் ஒட்டிக் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, சுமார் 0.050 அங்குலமாவது இடைவெளி உண்டா என்று பார்ப்பது வழக்கமாயிற்று. போல்ட் தலையைத் தேய்ப்பது மலிவான வழி. வால்வைத் தூக்கும் அளவு மாறாமல் அடிவட்டத்தை மட்டும் சிறிதாக்கிய கேம்ஷாஃப்டை வாங்குவது இன்னொன்று. பின்னது நேர்த்தியாகத் தோன்றினும், மெலிந்த தண்டு முறுக்கத்துக்கு இடங்கொடுக்கும், கேம்ஷாஃப்டின் மேல் தாழ்ந்து அமரும் லிஃப்டர்களுக்காக நீளமான புஷ்ராடுகளும் தேவைப்படும். தோள் ஒடுங்கிய, கேப்ஸ்குரூவால் கீழிருந்து இறுக்கும் ராடுகள் பிற்காலத்தில் பரவியதற்கு இந்த இடைவெளிச் சிக்கலும் ஒரு காரணம்.