ஆறாயிரமும் ஒரு லட்சமும்

மூன்று மாதமாக சனி, ஞாயிறுகளில் பால்கனியில் உட்கார்ந்து ஒரு காரை அறுத்துக் கொண்டிருக்கிறேன். பயப்படாதீர்கள், பிளாஸ்டிக் கார்தான். அமெரிக்காவிலிருந்து வந்த சகலை வாங்கி வந்த கிட். 1957 செவர்லே பெல் ஏர். 25-இல் ஒரு பங்கு அளவு. நிஜக் கார் 508 செ.மீ. என்றால் என்னுடையது 20 செ.மீ. சொச்சம். இதை ஸ்டேஷன் வேகனாக மாற்றப் போகிறேன் என்றதும் தங்கமணி கேட்டார்: "வேகன்தான் வேணும்னா வேகன் கிட்டையே வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கலாமே?"

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் அந்தப் பெயர். ரயிலில் வந்து இறங்குபவர்களையும் அவர்கள் பெட்டி படுக்கையையும் ஸ்டேஷனிலிருந்து ஏற்றிப் போன வண்டி என்பதால்தான் ஸ்டேஷன் வேகன். (நமக்கெல்லாம் பழகிய அவஸ்தைதானே!) ஆரம்பத்தில் ஃபோர்டு மாடல் டி சட்டத்தின் மேல் தச்சுப் பட்டறைக்காரர்கள் மரத்தில் கூண்டு கட்டினார்கள். 1929-இல் மாடல் ஏ வேகனை ஃபோர்டே விற்க ஆரம்பித்தது. மரம் என்பதால் வார்னிஷ் அடித்துக் காப்பாற்றுவதே பெரும்பாடு. 1946-இல் வில்லிஸ் ஜீப் வேகனும், 1949-இல் பிளிமத் சபர்பனும் முழு இரும்பில் வந்த பிறகுதான் சாதாரணக் குடும்பங்கள் தைரியமாக வாங்கின.

இப்போது 1957-க்கு வருவோம். அந்த வருடம் செவர்லே விற்ற வேகன்களில் இரண்டைப் பாருங்கள். ஒன்று நோமாட். இரண்டே கதவு, சாய்ந்த தூண்கள், பளபளப்பு, விலையும் அதிகம். ஆறாயிரத்துச் சொச்சம்தான் செய்தார்கள். இன்னொன்று டூ-டென் டவுன்ஸ்மேன். நான்கு கதவு, அலட்டல் இல்லாத குடும்ப வண்டி. ஒரு லட்சத்துக்கும் மேல்.

சகலை தேடிய கடையில் நோமாட் கிட் இருந்தது. டவுன்ஸ்மேன் இல்லை.

காரணம் இந்த கிட்கள் பிறந்த விதம். டெட்ராய்ட் வட்டாரத்தில் 1948-இல் தொடங்கிய ஏஎம்டி கம்பெனி, கார் ஷோரூம்களுக்கு விளம்பரத்துக்காகச் சின்னக் கார்கள் செய்து கொடுத்தது. 1958-இல் அதே பாணியில் பையன்கள் ஒட்டிச் செய்யும் கிட்கள். ஒரே பெட்டியில் மூன்று விதமாகச் செய்யலாம்: ஷோரூமில் வந்தபடி, ரேஸ் கார், நம் இஷ்டத்துக்கு மாற்றியது. அச்சை எஃகில் வெட்ட வேண்டும், பெரிய முதலீடு. போட்ட பணம் திரும்ப வர வேண்டுமே? அதனால் பையன்கள் ஆசைப்பட்ட கார்களுக்கே முன்னுரிமை. எந்தப் பையன் அப்பாவின் வண்டிக்கு ஆசைப்படுவான்?

அதனால்தான் அறுவை. கூரையை வெட்டி எடுத்து, பிளாஸ்டிக் தகட்டில் பின்பக்கம் வரை நீட்டினேன். இரண்டு கதவுக் கோடுகளை பட்டி வைத்து அடைத்து, நான்காகக் கீறினேன். பின் இறக்கையில் பெல் ஏருக்கே உரிய வரிவரியான அலுமினியத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினேன். ஜன்னல் கண்ணாடி, ஸ்வீட் டப்பா மூடி. முதல் கூரை வளைந்து போய் குப்பைக்குப் போனது தனிக்கதை.

தேய்க்கும்போது ஒன்று தோன்றியது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்பா அம்மா கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த கார் இருக்கிறது. ஒரே ஒரு நாள் வந்த கார். அப்பா முப்பது வருடம் வேலைக்குப் போய் வந்த சைக்கிளின் படம் ஒன்றுகூட இல்லை. அதன் நிறம் பச்சை என்கிறேன் நான், கறுப்பு என்கிறான் தம்பி. அப்பாவைக் கேட்கவும் இனி வழியில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். இருந்தால் இந்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு படம் எடுத்து வந்துவிடுங்கள்.

டவுன்ஸ்மேனுக்கு இன்னும் பெயின்ட் பாக்கி. பச்சைதான் அடிக்கப் போகிறேன்.