லாஜா என்று சொன்ன அரசன்



நினைவுச் சொற்பொழிவில் ஒலியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விநோதமாகப் படலாம். நிலம், கூலி, வன்கொடுமை என்று பேச எத்தனையோ இருக்க, ர எங்கே பிறக்கிறது, ல எங்கே பிறக்கிறது என்று ஏன் ஆராய வேண்டும்? நேர்முகத் தேர்வில் வாயைத் திறந்த மறுகணமே நம் ஊரையும் தெருவையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். "உனக்கு நாக்கு திருந்தவே திருந்தாது" என்ற பேச்சை வகுப்பறையில் வாங்கியவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறோம். அந்தப் பேச்சுக்கு ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

முதலில் நாக்கையே விசாரித்துவிடுவோம். இயன் மேடிசன் என்ற மொழியியலாளர் 317 மொழிகளின் ஒலிகளை ஒப்பிட்டு 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் மிகக் குறைந்த ஒலிகள் கொண்ட மொழிகளில் ஒன்று, போகன்வில் தீவில் பேசப்படும் ரோட்டோகாஸ். அதற்கு 11 ஒலியன்களே. ஆப்பிரிக்காவின் தெற்கே பேசப்படும் ஒரு கோய்சான் மொழிக்கு 141. இரு மக்களுக்கும் நாக்கும் உதடும் தொண்டையும் ஒன்றுதான்.

அதே 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட ஒலிகளை மாற்றி மாற்றிக் கேட்கவைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதமானபோது பெரும்பாலான குழந்தைகளால் அது முடியவில்லை. 2006இல் பேட்ரீஷியா கூல் குழுவினர் ஆங்கிலத்தின் ர, ல ஒலிகளைக் கொண்டு அமெரிக்க, ஜப்பானியக் குழந்தைகளைச் சோதித்தபோதும் இதையே கண்டனர். தொடக்கத்தில் இரு தரப்பும் சமம். ஒரு வயதை நெருங்கும்போது அமெரிக்கக் குழந்தையின் காது கூர்மையானது, ஜப்பானியக் குழந்தையின் காது விலகிப்போனது. ஜப்பானிய மொழியில் அந்த வேறுபாட்டுக்கு வேலை இல்லை. பிறக்கும்போது எல்லா மொழிக்கும் திறந்திருக்கும் காது, தன்னைத் தூக்கி வைத்திருப்பவர்களின் பேச்சுக்கேற்ப ஓராண்டுக்குள் வளைந்துகொள்கிறது. நாக்கு அதன் பின்னால் போகிறது.

உடலுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மேல்பல் கீழுதட்டைத் தொடப் பிறக்கும் ஃப, வ போன்ற ஒலிகள், அரைத்த, வேகவைத்த மென்மையான உணவு பரவிய சமூகங்களில்தான் பெருகின என்று சார்ல்ஸ் ஹாக்கெட் 1985இல் எழுதினார். 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த விரிவான ஆய்வு அதை ஆதரித்தது. இங்கேயும் பேசப்படுவது இரத்தம் அல்ல, சோறு என்பதைக் கவனியுங்கள்.

ஆக, மொழிக்கு மொழி ஒலி வேறுபடுவதற்குப் பெரும் காரணம் யார் யாரோடு வாழ்ந்தார்கள், யாரை விட்டுப் பிரிந்தார்கள் என்பதே. பேச்சில் ஓயாமல் சிறு வழுக்கல்கள் நிகழ்கின்றன. சேர்ந்து வாழும் கூட்டத்தில் ஒரு வழுக்கல் பரவி, அடுத்த தலைமுறைக் குழந்தைகளின் காதுக்கு அதுவே இயல்பாகிவிடுகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் அது நிகழாமலே போகலாம். இப்படி வழுக்க மிகவும் வசதியான இணை ரவும் லவும். இரண்டுக்கும் நுனிநாக்கு மேலே எழ வேண்டும். நாக்கு தட்டி விலகினால் ர, நாக்கு நிற்கக் காற்று பக்கவாட்டில் போனால் ல.

இந்தச் சின்ன வேறுபாட்டை வைத்து வட இந்தியாவில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

சதபத பிராமணத்தில் ஒரு கதை வருகிறது. தேவர்களோடு போரிட்ட அசுரர்கள், 'ஹே அரய', அதாவது 'ஓ பகைவர்களே' என்று கூவ வேண்டிய இடத்தில் ரவை விட்டு ல போட்டுக் கூவினார்கள், அதனால் தோற்றார்கள் என்கிறது. ஆகவே பிராமணன் மிலேச்சரைப் போலப் பேசக் கூடாது என்று கதை முடிகிறது. பொ.மு. இரண்டாம் நூற்றாண்டில் பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே இலக்கணம் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு இக்கதையை எடுத்து வைக்கிறார். விவிலியத்தை அறிந்தவர்களுக்கு நியாயாதிபதிகள் ஆகமம் நினைவுக்கு வரும். யோர்தான் துறையில் 'ஷிபோலேத்' என்று சொல்ல வராமல் 'சிபோலேத்' என்றவர்களைப் பிடித்து வெட்டினார்கள். விழுந்தவர்கள் 42,000 பேர் என்கிறது அது.

ரவுக்கு ல போட்டுப் பேசியவர்கள் உண்மையில் இருந்தார்கள். கங்கைச் சமவெளியின் கிழக்கே, மகதத்தில், அதுதான் மக்கள் பேச்சு. பிற்காலச் சமஸ்கிருத நாடகங்கள் அந்தப் பேச்சை யாருக்குக் கொடுத்தன என்று பாருங்கள். அரசனும் பிராமணனும் சமஸ்கிருதம் பேசுவார்கள். காளிதாசனின் சாகுந்தலத்தில் மோதிரத்தைக் கண்டெடுக்கும் மீனவன் மாகதி பேசுவான். மிருச்சகடிகத்தில் கொலைக்களத்துக்கு அழைத்துப் போகும் சண்டாளர்களின் பேச்சும் மாகதி வகைதான், அங்கேயும் ர எல்லாம் ல. மேடையில் ஒருவன் வாய் திறந்து ல என்றால் அவன் கீழானவன் என்று பார்வையாளருக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் கல்லில் இருப்பது வேறு. பொ.மு. மூன்றாம் நூற்றாண்டின் அசோகர் கட்டளைகளில், மேற்கே குஜராத்தின் கிர்நார் பாறையில் 'ராஜா' என்று இருக்கிறது. ஒடிசாவின் தௌலியிலும் ஜௌகடாவிலும், உத்தராகண்டின் கால்சியிலும், இன்று டெல்லியில் நிற்கும் தூண்களிலும் 'லாஜா' என்று இருக்கிறது. பாடலிபுத்திர அரசவையின் நிர்வாக மொழி அது. பெரும்பேரரசன் தன்னை லாஜா என்றே பொறித்துக்கொண்டான். அவனைக் கண்டு யாரும் நகைத்திருக்க முடியாது. அதே ல, அரசவை மாறிய பிறகு மீனவன் வாயிலும் சண்டாளர் வாயிலும் இழிவின் அடையாளமாக ஏற்றப்பட்டது. பதஞ்சலி எழுதியது மௌரியர் வீழ்ந்து புஷ்யமித்திர சுங்கன் ஆண்ட காலம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அந்த ஆட்சிமாற்றத்தைப் பிராமணிய எதிர்ப்புரட்சி என்று அம்பேத்கர் எழுதியதை நாம் அறிவோம். அசுரர் கதை அதற்கும் முந்தையது, அசோகரைக் குறிவைத்து எழுந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழங்கதைக்கு இலக்கணப் பாடத்தின் வாசலில் இடம் கிடைத்த காலம் கவனிக்கத்தக்கது.

இன்னொன்றும் இருக்கிறது. ரிக் வேத மொழியே ர, ல விஷயத்தில் வழுக்கிய மொழிதான். 'ஒளிர்தல்' என்பதற்கு லத்தீனிலும் கிரேக்கத்திலும் ல வரும் வேர், வேதத்தில் 'ருச்' என்று ர ஆகியிருக்கிறது. மூல மொழியின் லக்கள் பல அங்கே ரவாயின. கிழக்கே ரக்கள் லவாயின. திசைதான் வேறு. ஒன்றுக்குச் சுருதி என்று பெயர், மற்றதற்கு மிலேச்சம் என்று பெயர். சமஸ்கிருத அகராதியில் ரோமம், லோமம் இரண்டும் மயிரைக் குறித்து இன்றும் அருகருகே கிடக்கின்றன.

சுருதி என்றால் கேட்கப்படுவது. அந்த ஒலியைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்ற வேண்டும், உச்சரித்தால் நாக்கை அறுக்க வேண்டும் என்கிறது கௌதம தர்மசூத்திரம். அவ்வளவு காவல் போட்டுக் காத்த ஒலிக்குள்ளேயே அண்டை வீட்டார் புகுந்திருந்தார்கள். ரிக் வேதத்தின் முதல் பாடலில் இரண்டாவது சொல்லிலேயே ள வருகிறது. ட, ண, ள போன்ற நாவளை ஒலிகள் சமஸ்கிருதத்தின் நெருங்கிய உறவான அவெஸ்தாவின் பழைய ஈரானிய மொழியில் இல்லை, கிரேக்கத்தில் இல்லை, லத்தீனில் இல்லை. திராவிட மொழிகளில் அவை அடித்தளம். எமனோ 1956இலும் கைப்பர் 1967இலும் இதைத் தொடர்புறவின் விளைவாக விளக்கினார்கள். சமஸ்கிருதத்தின் உள்மாற்றங்களாலேயே விளக்கலாம் என்று ஹாக் மறுத்தார். வேதத்தை ஓதியவர்களின் வாய்வழியே அவ்வொலிகள் பின்னால் ஏறின என்பது தேஷ்பாண்டே கருத்து. உள்மாற்றம் ஒரு பகுதியை விளக்குகிறது என்பது உண்மையே. ஆனால் அம்மாற்றம் இந்தியாவுக்குள் வந்த கிளையில் இவ்வளவு வேரூன்றியதற்கு, ட, ண கேட்டு வளர்ந்த காதுகள் அங்கே இருந்தன என்பதே நமக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. கலக்கக் கூடாது என்று விதி எழுதும் முன்பே கலந்திருந்தார்கள்.

பௌத்தம் இந்த இடத்தில் எடுத்த முடிவு அருமையானது. யமேளு, தேகுலர் என்ற இரு பிராமணச் சகோதரர்கள் பிக்குகளாயிருந்தார்கள். பல குலத்திலிருந்து வந்த பிக்குகள் தத்தம் பேச்சில் சொல்லி உங்கள் வாக்கைக் கெடுக்கிறார்கள், நாங்கள் அதைச் சந்தத்தில் அமைத்துவிடுகிறோம் என்று புத்தரிடம் முறையிட்டார்கள். புத்தர் அவர்களைக் கடிந்துகொண்டு, அப்படிச் செய்வது குற்றம் என்று விதித்து, சொந்த மொழியிலேயே கற்க அனுமதித்தார் என்று வினயபிடகத்தின் சுள்ளவக்கம் பதிவு செய்கிறது. 'சொந்த மொழி' என்பது புத்தரின் மொழி என்று புத்தகோசர் பின்னாளில் உரை சொன்னார். முறையீட்டின் பொருளைப் பார்த்தால் அந்த உரை நமக்கு ஒட்டவில்லை.

இதையெல்லாம் கேட்டுத் தமிழ்ப் பெருமை பேசும் நண்பர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். குமாரில பட்டர் சோறு, பாம்பு, வயிறு முதலான நம் சொற்களை மிலேச்சச் சொற்களின் வரிசையில் வைத்துத்தான் விவாதித்தார். அந்த இழிவைத் தாங்கிய மொழிக்குள்ளேயே ழகரப் படிக்கட்டு ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. தமிழில் ஏழு, மலையாளத்திலும் ஏழு, கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. பழங்கன்னடத்தில் ழவுக்குத் தனி எழுத்தே இருந்து பிறகு மறைந்தது. கன்னடர்களுக்கு நாக்கு திருந்தவில்லை என்று எந்தப் பேராசிரியரும் சொல்வதில்லை. வடசென்னையில் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆனால் மட்டும் சிரிப்பு வருகிறது. சிரிப்பவர் குமரி மாவட்டம் போன்ற சில பகுதிகளைச் சேராதவராயின், அவர் பேச்சில் ர, ற வேறுபாடு பெரும்பாலும் இருக்காது. ந, ன வேறுபாடு பெரும்பாலும் யாரிடமும் இல்லை. மேல்தெரு இழந்த ஒலிகளுக்கு எழுத்துப்பிழை என்று பெயர், அதைத் திருத்திக்கொள்ள ஒரு பயிற்சி ஏடு போதும். நம் தெரு இழந்த ஒலிக்கு மட்டும் பிறப்பையே சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். மறுக்கப்பட்டது, பாரசீகம் படித்தார். பின்னாளில் அவர் பாலி இலக்கணமும் அகராதியும் தொகுத்தார். அவருடைய நூல்தொகுதியின் 16ஆம் தொகுதியாக அவை அச்சாகியிருக்கின்றன. சமஸ்கிருதத்தில் கவனமாகப் பிரித்துக் காக்கப்படும் மூன்று சகர ஒலிகள் பாலியில் ஒன்றே. இங்குள்ள மாணவர்கள் அத்தொகுதியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கையோடு உங்கள் பாட்டியின் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். அவர் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், செய்த வேலை, யாரோடு சேர்ந்து நாற்று நட்டார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மழையை அவர் எப்படிச் சொல்கிறார் என்பதற்கான காரணம் அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.