பிம்ப்ரியும் பழுது பார்க்கும் உரிமையும்

புனே நகரிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையின்மீது அமைந்தது பிம்ப்ரி. நாடு விடுதலை பெற்றபோது இஃது ஒரு சிற்றூர். 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்னும் அரசு நிறுவனம் இங்கே தோன்றிப் பெனிசிலின் மருந்தைத் தயாரிக்க முற்பட்டது. அதனைத் தொடர்ந்து ஆலைகள் பல எழுந்தன. வேலை தேடி நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்களுள் நம்மவரும் உளர். 1982இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி ஆயிற்று. இவையெல்லாம் இங்கு வாழும் நேயர்கள் அறிந்த செய்திகளே. ஆயினும் இவ்வூர் ஆலைகளிலிருந்து வெளிவந்த பொருள்களையும், இவ்வூர்க் கடைத்தெருவில் விலையாகும் பொருள்களையும் கால வரிசையில் வைத்து நோக்கினால் வேறொரு வரலாறு புலப்படுகின்றது. விலை கொடுத்து ஒரு பொருளை வாங்கியவர், அது பழுதுற்றபோது தமக்கு உகந்தவரிடம் கொடுத்துச் செப்பனிட்டுக்கொள்ளும் வாய்ப்பைச் சிறிது சிறிதாக இழந்த வரலாறே அது.

முதலில் ஸ்கூட்டரைப் பார்ப்போம். 1945இல் பச்ராஜ் டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற பெயருடன் தொடங்கிய வணிக நிறுவனமே பின்னர் பஜாஜ் ஆட்டோ என்றாயிற்று. இத்தாலி நாட்டுப் பியாஜியோ நிறுவனத்தின் இசைவைப் பெற்று 1960களில் அது வெஸ்பா ஸ்கூட்டரை இந்தியாவில் தயாரித்தது. அவ்விசைவு 1971இல் முடிவுற்றது. அடுத்த ஆண்டில், இராணா பிரதாப்பின் குதிரையினது பெயரைத் தாங்கிய சேத்தக் வெளிவந்தது. பிம்ப்ரியை அடுத்த ஆகுர்டி ஆலை அதனால் நாடெங்கும் பெயர் பெற்றது. இந்த வண்டியைப் பழுது பார்க்கப் பெரிய கல்வி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பக்கவாட்டு மூடியைக் கையால் கழற்றினால் எஞ்சின் கண்ணெதிரே நிற்கும். வண்டி புறப்பட மறுத்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கரி படிந்த முனையை உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் பொருத்துவர். கிளட்ச் கம்பி அறுந்தால் புதுக் கம்பி கோத்துக்கொள்வர். சக்கரத்தில் காற்று இறங்கினால் மாற்றுச் சக்கரம் வண்டியிலேயே இருந்தது. இவையொன்றும் பலிக்காவிடின் வண்டியை ஒருபுறமாகச் சாய்த்துப் பிடித்து, பின்னர் நிமிர்த்தி உதைத்தால் கிளம்பிவிடும் என்பது அக்காலத்துக் குடும்பத் தலைவர்களின் அசையாத நம்பிக்கை. அந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்கவுமில்லை.

இதனைக் கொண்டு அக்காலத்து உற்பத்தியாளர் எல்லாம் தாராள மனத்தினர் என்று முடிவு கட்டிவிடலாகாது. அந்நாளில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்தவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. புதியது எளிதில் கிட்டாத காரணத்தால் பழையதைப் பேணியே ஆகவேண்டும். யந்திரமும் திறந்து பார்க்கத்தக்கதாய் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தே ஊர்தோறும் மரத்தடி மெக்கானிக்குகளை உண்டாக்கின. ஒருவரிடம் கூலி அதிகமென்றால் அடுத்த மரத்தடிக்குச் செல்லலாம். எனவே பழுது பார்க்கும் 'உரிமை' என்று ஒன்றைப் பற்றி எவரும் பேசவில்லை. இருக்கும் வழக்கத்துக்கு உரிமை என்ற பெயர் எதற்கு?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடத்தில் ஓர் எண்ணம் தோன்றுகின்றது. மராத்தியர் 'துருஸ்தி' என்பர். நாம் 'செப்பனிடுதல்' என்கிறோம். இரண்டுமே கோணலை நேராக்குவது என்ற பொருளை உட்கொண்டவை. இச்சொற்களுடன் 'உரிமை' என்பதைச் சேர்த்து எழுதவேண்டிய நிலை மிக அண்மையில்தான் வந்தது.

வாங்குவோர் உரிமை என்னும் பொதுக் கருத்துக்கோ புனேயே ஒரு தொட்டில் எனலாம். 1974இல் பிந்துமாதவ் ஜோஷி இங்கே கிராஹக் பஞ்சாயத்தைத் தொடங்கினார். கிராஹக் என்றால் பொருளை வாங்குபவர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. குறையுள்ள பொருளை விற்றவர்மீது முறையிட அச்சட்டம் வழி செய்தது. ஆனால் நல்ல நிலையில் வாங்கிய பொருள் நாளடைவில் பழுதுறும்போது, உதிரிப் பாகத்தையும் செப்பனிடும் விவரத்தையும் யார் தருவது? அக்கேள்வி எஞ்சியே நின்றது.

அக்கேள்வியை எழுப்பியது கார். டெல்கோ என வழங்கிய டாட்டா நிறுவனம் 1966 முதல் புனேயில் காலூன்றியது. அதன் இண்டிகா கார் 1998இல் பிம்ப்ரி ஆலையிலிருந்தே வெளிவந்தது. அதே காலத்தில் கார்களுக்குள் கணினி புகுந்தது. கோளாறு எங்கே என்பதை மெக்கானிக்கின் காது சொல்லிய காலம் போய், அதற்கெனச் செய்த கருவியை இணைத்தாலன்றி அறிய இயலாத காலம் வந்தது. அக்கருவி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறைகளுக்கு மட்டுமே கிடைத்தது. 2011இல் ஒரு கார் உரிமையாளர் ஹோண்டா, வோக்ஸ்வேகன், ஃபியட் ஆகிய மூன்று நிறுவனங்கள்மீது இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். விசாரணை வேறு பல நிறுவனங்களுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்டு 25ஆம் நாள் ஆணையம் பதினான்கு நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதில் பாதிக்கு மேற்பட்ட தொகை, 1,346 கோடி ரூபாய், நம் பிம்ப்ரியில் ஆலை கொண்ட டாட்டா மோட்டார்ஸின் பங்கு.

ஆணையம் கூறிய நியாயம் ஊன்றி நோக்கத்தக்கது. ஒரு காரை வாங்கியவர் அதில் வேறு நிறுவனக் காரின் பாகத்தைப் பொருத்த முடியாது. ஆகவே கார்ச் சந்தையில் போட்டி எவ்வளவு இருப்பினும், விற்ற பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் காரின் உதிரிப் பாகச் சந்தையில் தனியரசு செலுத்துகின்றது. பாகங்களையும் கருவிகளையும் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்யவேண்டும் என்றும், வெளியில் பழுது பார்த்த ஒரே காரணத்தால் உத்தரவாதம் செல்லாது என்று பொதுவாக விதிக்கலாகாது என்றும் ஆணையம் பணித்தது. நிறுவனங்கள் வழக்காடின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களின் அபராதத்தைக் குறைத்தது. எனினும் அவை செய்தது தவறே என்ற முடிவை மாற்றவில்லை.

இனிக் கைப்பேசி. காரில்லாத குடும்பத்திலும் இது உண்டு. ஊரை விட்டு வந்து பிழைப்பவருக்கு இதுவே கடிதம், வங்கிப் புத்தகம், ரயில் சீட்டு. ஊரிலுள்ள தாய்க்குப் பணம் அனுப்புவதும் இதன் வழியே. மூன்று நாள் இது முடங்கினால் கூலி வாங்குவதும் முடங்கும்.

தொடக்கத்தில் கைப்பேசியும் சேத்தக்கைப் போன்றே இருந்தது. 2003இல் வந்த நோக்கியா 1100 உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதன் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறக்கலாம். உள்ளிருந்த பி.எல்.5சி என்னும் மின்கலம் வேறு பல மாதிரிகளுக்கும் பொருந்தியது. தெருமுனைக் கடையிலும் கிடைத்தது. 2007 ஆகஸ்டில் அம்மின்கலங்களுள் 4 கோடியே 60 லட்சம் அளவுக்கு மீறிச் சூடாகக் கூடியவை என்று நோக்கியாவே அறிவித்தது. நம் நாட்டில் மக்கள் மின்கலத்தை வெளியே எடுத்து, அதன்மேல் அச்சிட்ட எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தனர். குறையுள்ளதற்கு மாற்று இலவசமாகக் கிடைத்தது. கைப்பேசி அவர்கள் கையிலேயே இருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி நோட் 7 மின்கலங்கள் தீப்பற்றின. அம்மின்கலம் வாங்கியவர் கழற்ற முடியாதவாறு உள்ளே அடைபட்டிருந்தது. ஆகவே கைப்பேசியையே முழுதாகத் திரும்பப் பெற நேர்ந்தது. இறுதியில் அம்மாதிரியின் உற்பத்தியே நின்றது.

மூடிய அமைப்பே பாதுகாப்பானது, நீர் புகாதது, மெல்லியது என்று உற்பத்தியாளர் கூறுவர். நீர் புகாமை உண்மையான நன்மைதான். பருவமழையில் பிம்ப்ரிச் சாலைகளில் செல்வோர் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் உறுப்புகளைப் பிணைத்துவைக்கும் முறைக்கு இந்தச் சமாதானம் பொருந்துமா? சில கைப்பேசிகளில் திரை, மின்கலம், காமிரா ஒவ்வொன்றும் தனி எண் உடையது. பிம்ப்ரி காம்ப் கடைத்தெருவில் ஒருவர் அதே மாதிரிக் கைப்பேசியிலிருந்து எடுத்த அசல் திரையைப் பொருத்தினாலும், எண் ஒவ்வாமையால் சில வசதிகள் இயங்கா. எச்சரிக்கைச் செய்தியும் தோன்றும். தொழிலாளியின் கையில் குறையில்லை, பாகத்திலும் குறையில்லை. அனுமதி மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஆரகன் மாநிலம் 2024இல் இம்முறையைச் சட்டத்தால் தடுத்தது.

நம் நாட்டிலும் அரசு இதனைக் கவனித்துள்ளது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள், தேசிய நுகர்வோர் நாளன்று, பழுது பார்ப்பு விவரங்களையும் உத்தரவாத விதிகளையும் ஒருங்கே காணும் இணையவாயில் திறக்கப்பட்டது. 2025 மே மாதம் மற்றொரு குழு, கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் 'பழுது பார்க்கத்தக்க தன்மை'யை மதிப்பெண்ணாகக் குறிக்கப் பரிந்துரைத்தது. பிரித்தெடுப்பது எளிதா, திருகாணியும் கருவியும் வெளியில் கிடைக்குமா, உதிரிப் பாகம் உரிய காலத்தில் வருமா, மென்பொருள் எத்தனை ஆண்டு புதுப்பிக்கப்படும் என்பவற்றைக் கொண்டு மதிப்பெண் அமையும். அதை உற்பத்தியாளர் தாமே கணக்கிட்டு அறிவிப்பர். தேர்வெழுதியவரே தம் விடைத்தாளைத் திருத்துவது போன்றது இது. எவரேனும் மீண்டும் சரிபார்க்கும் ஏற்பாடு இருந்தாலன்றி எனக்கு நிறைவு உண்டாகாது.

ஐரோப்பிய ஒன்றியமோ ஓரடி முன்னே சென்றுவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் கைப்பேசி மாதிரிகளின் முக்கிய உதிரிப் பாகங்கள், அம்மாதிரியின் விற்பனை நின்ற பின்னும் ஏழு ஆண்டுகள் கிடைக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. நம் ஸ்ரீபெரும்புதூரில் தமிழ்ப் பெண்கள் பலர் கைப்பேசிகளை உருவாக்கிவருகின்றனர். அவற்றுள் ஒரு பகுதி ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றது, மற்றொரு பகுதி பிம்ப்ரிக் கடைகளுக்கு வருகின்றது. முன்னதை வாங்குபவருக்கு அந்த ஏழாண்டு உறுதி சட்டப்படி உண்டு. பின்னதை வாங்குபவருக்கு அத்தகைய உறுதியளிக்கும் சட்டம் எதுவும் 2025இன் நடுவில் நம் நாட்டில் இருக்கவில்லை.