மிஃமார் ஸினான்: இஸ்தான்பூலை வாழ்விடமாக்கியவர்

அரபு மொழியில் கட்டடக் கலைஞரை ‘மிஃமார்’ என்பர். துருக்கியர் ‘மீமார்’ என ஒலிப்பர். ஐன், மீம், ரா என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்தது இச்சொல். கட்டுதல் மட்டுமன்று; குடியேறுதல், செழிக்கச் செய்தல் ஆகியனவும் அவ்வேரின் பொருள்களாம். இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வில் மனித சமூக வாழ்வைக் குறிக்க ஆண்ட ‘உம்ரான்’ என்னும் சொல்லும் இவ்வேரில் கிளைத்ததே. இச்சொல்லின் முழுப்பொருளுக்கும் உரியவராக வாழ்ந்தவர் உதுமானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஸினான்.

அனத்தோலியாவில் கைஸரி நகரை அடுத்த ஆகிர்னாஸ் என்னும் சிற்றூரில், 1490ஆம் ஆண்டளவில், ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். சுல்தான் முதலாம் ஸலீமின் ஆட்சியில், ‘தெவ்ஷிர்மே’ முறைப்படி அரசுப் பணிக்கென எடுத்துச் செல்லப்பட்டார். குடிமக்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த முறை அது. அதன் வழியே சிலர் உயர்பதவிகளை எய்தினர் என்பதற்காக அதன் கடுமையை நாம் மறைத்தல் தகாது.

யனிச்செரிப் படைவீரராகப் பெல்கிரேடு (1521), ரோட்ஸ் (1522), மொஹாக்ஸ் (1526) போர்களுக்குச் சென்ற அவர், சென்ற நாடுகளின் கட்டடங்களைக் கூர்ந்து நோக்கிப் பயின்றார். வான் ஏரியைக் கடக்கப் படகுகள் அமைத்தார். 1538இல் மொல்தாவியப் படையெடுப்பின்போது புரூத் ஆற்றின்மீது சில நாள்களுக்குள் பாலம் கட்டிப் புகழ் பெற்றார். அதனையடுத்துத் தலைமைக் கட்டடக் கலைஞர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. சுலைமான், இரண்டாம் ஸலீம், மூன்றாம் முராத் என மூன்று சுல்தான்களின் காலத்தில், மேலும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார்.

ஸினான் என்றவுடன் ஸுலைமானிய்யா பள்ளிவாசலே நினைவுக்கு வரும். 1550இல் தொடங்கி 1557இல் நிறைவுற்ற அதன் குவிமாடம் தரையிலிருந்து சுமார் 53 மீட்டர் உயரமுடையது. எனினும் அக்குவிமாடத்தை மட்டும் நோக்கித் திரும்புவோர் பாதியையே கண்டவராவர். பள்ளிவாசலைச் சூழ மத்ரஸாக்கள், ஹதீஸ் கல்விக்கூடம், மருத்துவக் கல்விக்கூடம், மருத்துவமனை, குளியலகம், பயணியர் விடுதி, ஏழைகளுக்கு உணவளிக்கும் பொதுச் சமையற்கூடம் ஆகியன எழுந்தன. அச்சமையற்கூடத்தின் பெயர் ‘இமாரத்’. அதுவும் மேற்சொன்ன அதே வேரிலிருந்து பிறந்த சொல்லே. வக்ஃபு வருவாயால் இவை யாவும் இயங்கின. குன்றின் சரிவைச் சமன்படுத்தாமல், மத்ரஸா அறைகளைப் படிப்படியாகச் சரிவிலேயே இறக்கி அமைத்தார் ஸினான். ஒரு தொழுமிடத்தைச் சுற்றி ஒரு குடியிருப்பே உருவாயிற்று.

ஆயினும் நகரத்தின் உயிர்நாடி நீரன்றோ! 1453க்குப் பின் மக்கள்தொகை பெருகப் பெருக இஸ்தான்பூலில் தண்ணீர்த் தட்டுப்பாடு வளர்ந்தது. நகருக்கு வடக்கேயுள்ள காட்டுப் பகுதியின் ஓடைகளைத் திரட்டி நகருக்குள் கொணரும் கிர்க்செஷ்மே நீர்த்திட்டம் 1554இல் தொடங்கியது. 1563இல் பெய்த பெருமழை வெள்ளத்தில் நீர்ப்பாலங்கள் சேதமுற்றன. ஸினான் தளரவில்லை; மீண்டும் கட்டினார். பள்ளத்தாக்கைக் கடந்து நிற்கும் மக்லோவா நீர்ப்பாலம் சுமார் 36 மீட்டர் உயரமுடையது. அத்திட்டம் தந்த நீர் தெருமுனை நீரூற்றுகளில் ஏழைக்கும் செல்வருக்கும் ஒருங்கே கிடைத்தது. முன்னோர் மரபையும் அவர் புறக்கணிக்கவில்லை. ஆயிரம் ஆண்டு பழமையான அயாசோபியாவுக்கு முட்டுச்சுவர்கள் எழுப்பி அதனைக் காத்தார். எண்பது வயதை நெருங்குகையில் எதிர்னே நகரில் தொடங்கிய ஸலீமிய்யாவில், எட்டுத் தூண்களின்மீது சுமார் 31 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தை நிறுத்தினார்.

ஹிஜ்ரி 996இல் (1588) ஸினான் மறைந்தார். பின்வந்தோர் அவர் கட்டியவற்றைக் காட்டிலும் அவர் குலத்தையே பெரிதும் ஆராய்ந்தனர். கிரேக்கரா, ஆர்மீனியரா, துருக்கியரா என்னும் வாதம் முற்றி, 1935இல் அவரது கப்ரைத் தோண்டி மண்டையோட்டை அளக்கும் அளவுக்குச் சென்றது. இனப் பெருமை அறிவியலின் ஆடை பூண்டு வந்த காலம் அது. ஒருவரின் எலும்பில் அவரது பெருமையைத் தேடுவதினும் இழிவு வேறென்ன இருக்க முடியும்? பிறப்பை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் தேர்ந்தது உழைப்பை. அதற்குச் சான்று கூறுவது நகரமே.

ஸுலைமானிய்யாவின் புறமதிலுக்கு அப்பால், ஒரு தெரு முனையில், அவர் தமக்கென அமைத்துக்கொண்ட சிறு அடக்கத்தலம் உள்ளது. சுல்தானின் கல்லறையோடு ஒப்பிட அது மிகச் சிறியது. அதனோடு இணைத்து அவர் கட்டிய ஒன்றை மட்டும் நாம் குறிப்பிட்டாக வேண்டும்: வழிப்போக்கருக்கான தண்ணீர்ப் பந்தல்.